பகல் தூக்கம்

கோத்தகிரி மார்க்கெட்டில்
கூடை கூடையாய்க் கிளறிப் பொறுக்கி
யோகராணி கொண்டுவந்தது மூன்று கிலோ.
எண்ணினால் முப்பத்தெட்டு.
முட்டை அட்டை இரண்டில்
கண் நிறைந்த முனை மேலே பார்க்க
அடுக்கி வைத்தாள்,
குரூப் போட்டோவுக்கு உட்கார வைப்பதுபோல.

எங்கள் லைன் வீட்டுக்கு ஜன்னல் இரண்டு.
ஒன்று அடுப்புக்கு மேலே; புகைக்கே பத்தாது.
மற்றது வடக்கே பார்த்தது.
வெயில் விழாது, வெளிச்சம் விழும்.
அதன் கீழேதான் என் கட்டில்.

நான் இலை ஃபாக்டரியில் ட்ரையர் பார்ப்பவன்.
இரவு பத்துக்கு ஏறி, ஆறுக்கு இறங்கி,
மூக்கு நிறையத் தேயிலைத் தூளோடு
ஏழரைக்குத் திரையை இழுத்துவிட்டுச் சாய்பவன்.
மூன்று பழைய கம்பளிகளை ஒட்டி
அவளே எனக்காகத் தைத்த திரை.

"கெழங்குக்கு வெளிச்சம் வேணும்."
"எனக்கு இருட்டு வேணும்."
பேச்சு அதோடு முடிந்தது.
அவள் கொழுந்துக்குப் போனதும் இழுத்துவிட்டேன்.
இரண்டு வாரம் அப்படி.

ஒருநாள் காலை
என் தலையணைமேல் ஒரு கிழங்கு.
விரல் நீளத்துக்கு வெள்ளை முளை,
எலிக்குஞ்சின் வால் மாதிரி.
தொட்டதும் ஒடிந்தது. சத்தம்கூட இல்லை.
"வெளிச்சத்தத் தேடித் தேடித்தான் இம்புட்டு நீளுது.
மண்ணுக்குள்ள போனா கழுத்து நிக்காது."
அட்டை முழுக்க
ஒவ்வொன்றாய் ஒடித்துக் குப்பையில் போட்டாள்.
கோபப்பட்டிருந்தால்
நான் தூங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து திரை ஓரமாய்ச் சுருண்டது.
குரங்குக் குல்லாயை மூக்குவரை இறக்கிப்
படுக்கப் பழகினேன்.
பின்னலின் ஓட்டைகளில்
வெளிச்சம் அரிசி அரிசியாய் உள்ளே வந்தது.
மூன்று மணிச் சங்குக்கு விழித்தால்
தலைமாட்டில், அழுகிய ஒன்று போக,
முப்பத்தேழு பேர் எனக்கு முன்பே விழித்திருப்பார்கள்.

மறுபடி வந்த முளை வேறு ஜாதி.
குட்டை. கத்தரிக்காய் நிறம்.
நுனியில் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் முரடு.
தூளை விரலிடுக்கில் தேய்த்து
பதம் சொல்கிறவன் நான்.
அந்த விரலால் ஒன்றை அசைத்துப் பார்த்தேன்.
அசையவில்லை.
பதம்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு நட்டோம்.
வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்தடி.
பெரிய நாலை அவள் கத்தியால் பிளந்து
வெட்டில் சாம்பல் தடவி
துண்டுக்கு இரண்டு கண் உண்டா என்று பார்க்க,
நான் குழியெடுத்தேன்.
என் கைபட்டு இரண்டு முளை உதிர்ந்தது.
அவசரமாய் மண்ணைத் தள்ளி மூடினேன்.
பார்த்தாளா, தெரியாது.

தை முடிகிற சமயம்
இலை வெளியே வந்து நாலு நாள்.
வேலிக்கு அந்தப் பக்கம் போஜன் அண்ணன்
மேலே பார்த்துச் சொன்னார்:
"இன்னிக்கு வானம் ரொம்பத் தெளிவா இருக்கு."
இந்த மலையில் அது நல்ல செய்தி இல்லை.
ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.
ட்ரையர் வாயில் வேர்த்து நின்றபடி
விடிய விடிய உறைபனியை நினைத்தேன்.

காலையில் வந்தால்
புல்லெல்லாம் உப்பு பூத்திருக்கிறது.
பாத்திமேல் நாலு குச்சியில்
என் ஜன்னல் திரை
விறைத்து நிற்கிறது. சுண்டினால்
தகரம்போல் ஒலிக்கிறது.
ஓரத்தைத் தூக்கிக் குனிந்தேன்.
உள்ளே இருட்டு,
இரண்டு வாரம் நான் கொடுத்த அதே இருட்டு.
ஓரத்தில் ஒன்று கருகியிருந்தது.
மற்றதெல்லாம் பச்சை.

வீட்டில் டீ ஃபிளாஸ்க்கில் இருந்தது, ஆள் இல்லை.
வெயில் ஏறும்வரை பாத்தியோரம் நின்று
திரையை எடுத்துக் கொடியில் போட்டேன்,
சொட்டச் சொட்ட.
பிறகு மொட்டை ஜன்னலுக்குக் கீழே
குல்லாயும் போடாமல் படுத்தேன்.
தூங்கினேனா என்றால், அரைகுறைதான்.
காலெல்லாம் மண்.
கழுவ மறந்திருந்தேன்.